ரவையும் கோதுமைதான்: பத்தியத்துக்கு முன் பரிசோதனை

ஏற்காட்டிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"வயது 38. கணவர் காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மூன்று வருடமாக வயிறு உப்புசம். வாரத்தில் நான்கைந்து நாள் தண்ணீராகப் போகிறது. எடை 54 கிலோவிலிருந்து 48க்கு இறங்கிவிட்டது. ஹீமோகுளோபின் 8.4. ஒரு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. தைராய்டு மாத்திரை 50ல் ஆரம்பித்து இப்போது 100 மைக்ரோகிராம். மாமனாருக்கு சுகர் வந்ததிலிருந்து ஆறு வருடமாக வீட்டில் எல்லோருக்குமே ராத்திரி சப்பாத்திதான். போன வருடம் சேலத்தில் எண்டோஸ்கோபி பார்த்து, 'காஸ்ட்ரைடிஸ்தான், பயப்பட ஒன்றுமில்லை' என்றார்கள். ஐந்து மாதத்துக்கு முன் யூடியூபில் பார்த்துவிட்டு சப்பாத்தி, பரோட்டா, பிரெட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். உப்புசம் பாதி குறைந்தது. பிறகு ஒரு லேபில் 'ஃபுட் இன்டாலரன்ஸ் பேக்கேஜ்' எடுத்ததில் 42 உணவு ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. பால், முட்டை, நிலக்கடலையையும் விட்டுவிட்டேன். போன மாதம் சீலியாக் என்ற கோதுமை நோய்க்காக எடுத்த டிடிஜி ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். 'சீலியாக் வடநாட்டுக்காரர்களுக்கு வருவது, உங்களுக்கு இல்லை' என்கிறார் டாக்டர். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் வகுப்பிலேயே குட்டை. பத்து நாளாக அவளுக்கும் கோதுமை கொடுப்பதில்லை. எனக்கு சீலியாக் இருக்கிறதா இல்லையா? இருந்தால் ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கலாமா?"

கடிதத்தோடு ஒரு வாரம் சாப்பிட்டதை நோட்டுத் தாளில் எழுதி இணைத்திருக்கிறீர்கள். லேப் ரிப்போர்ட்டுகளைவிட எனக்கு அதிகம் உதவியது அந்தத் தாள்தான். செவ்வாயும் சனியும் காலையில் ரவா உப்புமா. வியாழன் இரவு சேமியா. தினமும் படுக்கும் முன் வெந்நீரில் ஹார்லிக்ஸ். ரவை கோதுமையை உடைத்தது. சேமியா கோதுமை ரவையிலோ மைதாவிலோ பிழிந்தது. ஹார்லிக்ஸில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும் இருக்கின்றன. நீங்கள் நிறுத்தியதாக நினைத்தது முழுசாக நிற்கவே இல்லை. நம் வீடுகளில் கோதுமை என்றால் மாவு என்றே மனதில் பதிந்திருப்பதால் இது பலருக்கும் நேர்வதுதான்; வருத்தப்பட வேண்டாம்.

ஆனால் இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. வாரம் மூன்று வேளை, வேளைக்கு 50 கிராம் ரவையோ சேமியாவோ என்று வைத்தால், ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாகக் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) உள்ளே போயிருக்கிறது. சீலியாக் உள்ள ஒருவருக்கு 50 மில்லிகிராமே தொடர்ந்து போனால் குடல் கெடும். அதனால் உப்புசம் பாதி குறைந்ததைக் கொண்டு இது சீலியாக் என்று சொல்ல முடியாது; கோதுமையின் அளவு குறைந்தாலே சாதாரணக் குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கும் உப்புசம் இறங்கும். இன்னொரு பக்கம், பரிசோதனைக்கு வேண்டிய அளவு கோதுமையும் போகவில்லை. ஆகவே அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டையும் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

சீலியாக் ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பார்த்து உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கும் நோய் அது. சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. முதலில் அடிபடுவது சிறுகுடலின் மேற்பகுதி. இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடமும் அதுவே. மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாதது, எடை இறங்குவது, தைராய்டு மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போவது என்று மூன்றும் சேர்ந்திருப்பதால், "இல்லை" என்று உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. தைராய்டு குறைவு பெரும்பாலும் தன்னெதிர்ப்பு நோய்தான். அது உள்ளவர்களிடம் சீலியாக் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

உங்கள் டாக்டர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வடக்கே 100க்கு 1 பெரியவருக்குச் சீலியாக் இருந்தது. தெற்கே 1000க்கு 1. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில். வடக்கே நாளுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். ஆறு வருடமாக ராத்திரி சப்பாத்தி சாப்பிடும் வீட்டை அந்த 25 கிராம் கணக்கில் சேர்க்க முடியாது. போகிற போக்கில் ஒன்று: சப்பாத்தி சுகரைக் குறைக்கும் என்பது தமிழ்நாட்டில் ஊறிப்போன நம்பிக்கை. நான்கு சப்பாத்தியிலும் ஒரு தட்டு சோற்று மாவுச்சத்து இருக்கிறது. சுகர் குறைந்தால் அது இரண்டோடு நிறுத்துவதால்தான். மாமனாரின் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 42 உணவுப் பட்டியல்

அதைக் கிழித்துப் போடலாம். அந்த பேக்கேஜ்கள் பெரும்பாலும் பார்ப்பது உணவுக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள். ஒரு பொருளைச் சாப்பிட்டு உடல் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அடிக்கடி சாப்பிடுவதெல்லாம் சிவப்புக் கட்டத்தில் வருவது அதனால்தான். 48 கிலோவில், ரத்தமும் குறைவாக இருக்கும் நிலையில், முட்டையையும் கடலையையும் நிறுத்தியது உங்களுக்கு நஷ்டம். இன்றே திரும்ப ஆரம்பியுங்கள். பால் மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம்; குடல் சுவர் புண்ணாகியிருந்தால் லாக்டோஸ் தற்காலிகமாகச் செரிக்காது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

எந்த வரிசையில் பரிசோதனை

இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மரபணுப் பரிசோதனையை முதலில் செய்வது. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்று கேட்க வேண்டும். இதற்குக் கோதுமை சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. என்ன சாப்பிட்டாலும் மரபணு மாறாது. இரண்டுமே இல்லை என்று வந்தால் சீலியாக் பேச்சை அதோடு முடித்துவிடலாம். ஆனால் இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. நோயே இல்லாதவர்களில் 100க்கு 30, 40 பேருக்கும் அது உண்டு. சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதிரியை வெளியூர் லேபுக்கு அனுப்புவார்கள் என்பதால் நாளும் ஆகும்.

இரண்டாவது, கோதுமையைத் திரும்ப ஆரம்பித்து நேரடியாகப் பார்ப்பது. உங்கள் விஷயத்தில் நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள்தான் முழுசாக நிறுத்தவே இல்லையே. திரும்ப ஆரம்பிப்பது பயப்படும்படி பெரிய மாற்றம் அல்ல. அதோடு, சீலியாக் இல்லாவிட்டாலும் உங்கள் எடைக்கும் ரத்தத்துக்கும் எண்டோஸ்கோபி எப்படியும் தேவை.

அளவு இதுதான். 30 கிராம் மாவில் சுடும் ஒரு சப்பாத்தியில் இரண்டரை கிராம் போலக் குளூட்டன் இருக்கும். பரிசோதனைக்கு நாளுக்குக் குறைந்தது 3 கிராம் வேண்டும். தினமும் இரண்டு சப்பாத்தி, ஒரு நாளும் விடாமல், ஆறு வாரம். தாங்க முடியாத பேதி, வாந்தி வந்தால் இரண்டு வாரத்திலேயே எண்டோஸ்கோபிக்குப் போய்விடலாம். குடல் சுவரில் மாற்றம் அதற்குள் தெரிய வாய்ப்புண்டு, ரத்தத்தில்தான் தாமதமாகும். காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் பேதி, இன்னும் எடை இறங்குவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது டிடிஜி ஐஜிஏ (ஐஜிஏ வகை எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் டிடிஜி) மட்டும் போதாது. மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு ஐஜிஏ உடலிலேயே சுரப்பதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போது எடுத்தாலும் நெகட்டிவ்தான் வரும். சீலியாக்குக்கான ஐஜிஜி வகைப் பரிசோதனை வேண்டும் (உணவுப் பட்டியல் ஐஜிஜி அல்ல). நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் மொத்த ஐஜிஏ வரியே இல்லை.

எண்டோஸ்கோபிக்கு முன்பே சொல்ல வேண்டியது

போன வருட ரிப்போர்ட்டில் பயாப்ஸி எடுத்ததாக எங்கும் இல்லை. வெறும் பார்வைக்குக் குடல் சரியாக இருப்பதுபோலவே தெரியும், சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருப்பது தெரியும் என்பது சீலியாக்கில் சாதாரணம். அதனால் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்: டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது 4 துணுக்கு, ஆரம்பப் பகுதியிலிருந்து 1 அல்லது 2. புண் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரே ஒரு துணுக்கு ஏமாற்றிவிடும். ரத்தக்குறைவு இருப்பதால் எச்.பைலோரி கிருமிக்கும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பயாப்ஸி ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்த துணுக்கு) பிற்பாடு இன்னொரு மருத்துவரிடம் காட்ட நீங்கள் கேட்டு வாங்கலாம். ரிப்போர்ட் தாளோடு திரும்பிவிடாதீர்கள்.

செலவு பயமாக இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். வெறும் வயிறு 8 மணி நேரம். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளை ஸ்கூட்டரில் ஏறித் திரும்பும் எண்ணமே வேண்டாம். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே மட்டும் அடித்தும் செய்யலாம், கேட்டுப் பாருங்கள்.

முடிவு மூன்று விதமாக வரலாம்

டிடிஜியும் உயர்ந்து, பயாப்ஸியிலும் தேய்மானம் இருந்தால் சீலியாக். பத்தியம் ஆயுளுக்கும்.

டிடிஜி சரியாக இருக்கிறது, ஆனால் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன என்று வந்தால், தமிழ்நாட்டில் உடனே கோதுமையின் மேல் பழி போடக் கூடாது. டிராபிகல் ஸ்ப்ரூ (வெப்ப நாடுகளில் வரும், சத்து உறிஞ்சாத குடல் நோய்), ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, குடல் காசநோய் எல்லாம் இதே படத்தைக் காட்டும். ஸ்ப்ரூவுக்கு ஃபோலிக் ஆசிடும் டெட்ராசைக்ளின் வகை மருந்தும் சில மாதம் கொடுத்தால் தேறிவிடும். பிபிக்கு ஓல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. மாத்திரையை மாற்றினால் சரியாகும். இதைக் கவனிக்காமல் ஆயுள் முழுக்கச் சப்பாத்தியை விட்டு, நோயும் தீராமல் கிடப்பவர்கள் உண்டு.

ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டுமே சரியாக வந்தால் சீலியாக் இல்லை. கோதுமை சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, மூச்சிரைப்பு வருகிறவர்களுக்கு ஐஜிஇ ஒவ்வாமைப் பரிசோதனை வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மிஞ்சுவது கோதுமையால் வரும் உப்புசம். இதில் குற்றவாளி பெரும்பாலும் குளூட்டன் அல்ல, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து. 2018ல் நார்வேயில், எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வயிற்றைக் கலக்கியது ஃப்ரக்டான்தான், குளூட்டன் அல்ல. அது வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளம். இவர்களுக்கு ஒரு துணுக்கு கோதுமை விஷமில்லை, அளவுதான் கணக்கு. உணவியல் நிபுணரின் துணையோடு நான்கிலிருந்து ஆறு வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எல்லை தெரிந்துவிடும். ரத்தக்குறைவுக்கு மட்டும் வேறு காரணம் தேட வேண்டும். மாதவிடாயில் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று யாரும் உங்களைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

சீலியாக் என்றே உறுதியானால்

அரிசி, இட்லி, தோசை, கேழ்வரகு, சாமை, தினை, சேலத்து ஜவ்வரிசி எதிலும் குளூட்டன் இல்லை. சேர்வராயன் மலையில் விளைவதைக் கொண்டே சமையலை ஓட்டலாம். சிக்கல் தானியத்தில் இல்லை, அரைக்கும் இடத்தில். மாவு மில்லில் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றாலும் முந்தின நாள் கடைசியாக அரைத்த கோதுமை கல்லிடுக்கிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருக்கும். கேழ்வரகை முழுசாக வாங்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைப்பதுதான் நம்பிக்கையானது. கடைச் சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் இருக்கும். நீர்க்கடுப்புக்கு வைக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது.

பலரும் தவறவிடுவது பெருங்காயம். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அரிசி மாவு கலந்ததோ கலப்பில்லாத கட்டியோ பார்த்து வாங்குங்கள். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் விழுவதால்தான் இவ்வளவு சொல்கிறேன். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி. 'லோ குளூட்டன்' என்றிருந்தால் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம், அது உங்களுக்கு அல்ல.

மாமனாருக்குச் சப்பாத்தி நிற்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தனி தோசைக்கல், தனி சல்லடை, தனி மரக்கரண்டி. எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மரமும் சல்லடையும்தான் மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் சமையலை முதலில் முடித்துவிட்டு அவருக்கு மாவு பிசையுங்கள். சேலம் இறங்கினால் தட்டுவடை செட்டையோ நொறுக்கலையோ கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அரிசி மாவுத் தட்டைதான், ஆனாலும் மொறுமொறுப்புக்கு மைதா சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், சமோசா பொரித்த எண்ணெயிலேயே போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நற்கருணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நற்கருணையில் கொடுக்கும் ஓஸ்தி என்ற அப்பம் முழுக்கக் கோதுமை. கால் கிராம் எடைதான் என்றாலும் ஒரு நாளைக்குப் பாதுகாப்பான அளவாகக் கருதப்படும் 10 மில்லிகிராமை அது தாண்டிவிடும். கோதுமையே இல்லாத அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை, ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த ஓஸ்தியை அனுமதிக்கிறது. திருஇரத்தத்தை (திராட்சை இரசம்) மட்டும் வாங்கவும் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால், ஓஸ்தித் துணுக்கு விழாத தனிக் கிண்ணத்துக்கு ஏற்பாடு செய்யலாம். பரிசோதனை முடியும்வரை வழக்கம்போல் வாங்குங்கள்.

பத்தியம் தொடங்கியபின் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் டிடிஜி பார்க்க வேண்டும். பேதி சில வாரத்தில் நிற்கும்; குடல் முழுசாக ஆற பெரியவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகும். வைட்டமின் டி, பி12, ஃபோலேட், எலும்பு அடர்த்தி எல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்

இன்று ராத்திரியே அவளுக்குச் சப்பாத்தி கொடுங்கள். பத்து நாள் நிறுத்தியதால் பரிசோதனை கெட்டுப்போகாது, பத்து மாதம் நிறுத்தினால் கெட்டுப்போகும். டிடிஜி ஐஜிஏயும் மொத்த ஐஜிஏயும் இப்போதே எடுக்கலாம். உங்கள் ஆறு வாரத்துக்காக அவள் காத்திருக்க வேண்டியதில்லை. டிடிஜி, இயல்பான அளவின் மேல் எல்லையைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ (சீலியாக்குக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை) பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால், குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபி இல்லாமலே நிபுணர் உறுதி செய்ய முடியும்.

வகுப்பில் குட்டை என்பது மட்டும் நோயாகாது. பள்ளியின் உடல்நலக் கார்டில் போன வருட உயரம் இருக்கும். இந்த வயதில் வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் போல வளர வேண்டும். 4க்குக் கீழே என்றால் குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சி வரைபடத்தோடு காட்டுங்கள். தைராய்டும் சேர்த்துப் பார்ப்பார். அரசுப் பள்ளியானால் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி போடும் நாட்களிலும் அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவளுக்கு உறுதியானால் மட்டும் அதைப்பற்றித் தலைமையாசிரியரிடம் பேசலாம்.

இந்த ஆறு வாரத்தில் மாத்திரைகள்

கடிதத்தின் ஓரத்தில், "காலையில் தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒன்றாகப் போட்டுவிட்டுக் காபி குடிப்பேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரும்பு தைராய்டு மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். காபி இரண்டையுமே உறிஞ்சவிடாது. உங்கள் தைராய்டு அளவு ஏறியதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். முக்கால் மணி நேரம் கழித்துக் காபி. இரும்பு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி, பகல் 11 மணிவாக்கில் எலுமிச்சைச் சாறோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ, பால் வேண்டாம். ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு) மூன்றையும் டிடிஜியோடு ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். படியேறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அதுவரை காத்திருக்காமல் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ளுங்கள்; அதனால் சீலியாக் பரிசோதனைக்கு எந்தப் பாதிப்பும் வராது.